மூச்சிரைப்பும் மூலிகையும்: இருளர்களிடம் கற்க வேண்டியது

 

ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் வந்தால் நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் சளி, இருமல், இழுப்பு தொடங்கிவிடும். பெரியவர்கள் உடனே தூதுவளையையும் ஆடாதோடையையும் தேடுவார்கள். இந்தச் செடிகளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் இருளர் பழங்குடியினர்.

தமிழகத்தின் வட மாவட்டங்களில் அதிகமாக வாழும் இருளர்களைப் பாம்பு பிடிப்பவர்கள் என்றே பலரும் அறிவோம். அவர்களில் நல்ல மூலிகை வைத்தியர்களும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் தண்டரையில் 1986-ல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகைகளை வளர்த்து, மருந்து தயாரித்து, அந்த அறிவு அழியாமல் காத்து வருகிறது.

இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் இருளர்கள் ஆடாதோடை இலையையும் தூதுவளையையும் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் வேலிகளிலும் இவை வளர்கின்றன. ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற பொருள் உள்ளது. அதை அடிப்படையாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவாக்கப்பட்டது. இன்று கடையில் வாங்கும் பல இருமல் டானிக்குகளில் அது இருக்கிறது. பழங்குடியினரின் அறிவை ஏளனமாக நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால், மூலிகை என்றாலே தீங்கில்லாதது என்று எண்ணிவிடாதீர்கள். ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. ஊமத்தை இலைப் புகையை இழுப்புக்குப் பிடிப்பது பழைய வழக்கம். ஊமத்தை நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கஷாயத்தில் தேன் கலந்தும் கொடுக்கக் கூடாது.

சாதாரண சளிக்குத் தூதுவளை ரசமோ துவையலோ போதும். ஆஸ்துமா வேறு. அதில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கி, குழாய் சுருங்கிவிடுகிறது. இன்ஹேலர் மருந்து நேராக அந்த இடத்துக்கே போவதால் குறைந்த அளவே போதுமானது. "பம்ப் அடித்தால் பழகிவிடும், விடவே முடியாது" என்பது தவறான பேச்சு. அதை நம்பி மருந்தை நிறுத்தி, கஷாயத்தை மட்டும் கொடுப்பதுதான் உயிருக்கு ஆபத்து. மூலிகை எடுக்க விரும்பினால், அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்த மருத்துவரிடம் கேட்டு, இன்ஹேலரோடு சேர்த்து எடுங்கள்.

நோன்பில் இன்ஹேலர் பற்றிய ஐயத்தை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிம்களிடமும் கேட்டுத் தெளியுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

மூச்சு வாங்குவதால் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சை உள்ளே இழுக்கும்போது பிள்ளையின் விலா உள்ளே இழுத்தாலோ, இன்ஹேலர் அடித்தும் குறையாவிட்டாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நள்ளிரவானாலும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். செடியில் மருந்தை வைத்தவனும், மருத்துவருக்கு அறிவைக் கொடுத்தவனும் அல்லாஹ்தான். இரண்டையும் உரிய இடத்தில் பயன்படுத்துவோம். நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.