எரிவாயு அடுப்பும் தேர்ந்த வினைஞரும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்ட மலை எனப் புகழ் பெற்றது. அம்மலை பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று திண்ணனூர் நாடு. மலைமக்களுக்கு முன்னாளில் விறகடுப்பே துணையாயிருந்தது. மகளிர் சுள்ளி பொறுக்கிச் சுமந்து வருவர். புகையில் கண் கலங்கச் சமைப்பர். 2016-ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய உஜ்வலா திட்டம், நாடெங்கும் ஏழை மகளிர் பலருடைய அடுக்களைகளில் எரிவாயு உருளையைக் கொண்டு சேர்த்தது.

விறகடுப்பு பழுதுற்றால் களிமண்ணைக் குழைத்துப் பூசத் தெரிந்தவர் எவரும் செப்பனிடலாம். எரிவாயு அடுப்போ அத்தகையதன்று. வீட்டுக்குரிய பெரிய உருளையில் 14.2 கிலோ எரிவாயு, அழுத்தத்தால் நீர்ம வடிவில் அடைபட்டுள்ளது. வெளிப்பட்டால் அது ஏறத்தாழ 250 மடங்கு விரியும். அறையின் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலும் ஒரு பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளும். அது காற்றினும் கனமானது. ஆதலின் மேலெழுந்து போகாது தரையிலே தேங்கும். பனிக்கால இரவில் குளிருக்கு அஞ்சிக் கதவும் சாளரமும் அடைத்து உறங்கும் மலையூர் வீட்டில், இது எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எரிவாயுவுக்கு இயல்பாக மணமில்லை. நாம் உணரும் அழுகல் நாற்றம், கசிவை அறிவிப்பதற்கென்றே கலக்கப்பட்ட வேறொரு பொருளின் நாற்றமாகும்.

அவ்வாறு கலத்தல் எங்கும் கட்டாயமாயிராத காலத்தில், அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளியில் ஒரு பெருந்துயர் நேர்ந்தது. செலவைக் குறைக்கக் கருதிய பள்ளி நிருவாகம், எண்ணெய் வயலினின்று கழிவாகச் சென்ற எரிவாயுக் குழாயில் தன் குழாயை இணைத்துக்கொண்டது. கசிந்த வாயு தளத்தின் அடியில் நாளும் திரண்டது. மணமின்மையால் ஒருவரும் அறிந்திலர். 1937-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள், தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மரத்தைத் தேய்க்கும் மின்கருவியை இயக்கினார். ஒரு சிறு பொறி! கட்டடம் இடிந்து வீழ்ந்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே அம்மாநிலம், எரிவாயுவில் மணம் கலத்தல் வேண்டும் என்றும், பொறியாளராகத் தொழில் செய்வோர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்றும் சட்டங்கள் இயற்றிற்று. பிரிட்டனில் இன்று எரிவாயு வினைஞர் ஒவ்வொருவரும் பதிவு அட்டை வைத்திருத்தல் வேண்டும். இன்ன பணிக்குத் தகுதி பெற்றவர் என்பது அவ்வட்டையின் பின்புறத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.

நம் நாட்டில் அடுப்பையும் இணைப்பையும் சோதித்தற்கு உரியவர், எரிவாயு விநியோக நிலையத்தார் அனுப்பும் பயிற்சி பெற்ற வினைஞரே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவரால் சோதனை செய்யப்பெறுதல் வேண்டும். வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்தல் குற்றமன்று. வள்ளுவர், ஆளை ஆராய்ந்து துணிதற்கென்றே 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தாரல்லரோ? அரசனுக்கு உரைத்த அது அடுக்களைக்கும் பொருந்தும்.

அட்டையைக் காட்டிலும் செய்கை ஒருவரை நன்கு காட்டிவிடும். தேர்ந்தவர் கசிவை அறியச் சோப்பு நீரை இணைப்புகளில் தடவிக் குமிழி எழுகிறதா என நோக்குவர். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பவரை அப்பொழுதே வெளியே அனுப்பிவிடுதல் நன்று. தேர்ந்தவர் வெடிப்புற்ற ரப்பர்க் குழாயைக் கம்பியால் கட்டி ஒப்பேற்றார். இந்தியத் தர முத்திரை பெற்ற புதுக் குழாயையே பூட்டுவர். உருளையை நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதனினும் உயர்ந்த மேடையில் அமைப்பர். சுடர் நீலமாய் எரிகிறதா, மஞ்சளாய்ப் புகைகிறதா என்பதையும் பார்த்தே செல்வர். பெற்ற பணத்திற்குச் சீட்டும் தருவர்.

மலையில் வாழ்வார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அடிவாரத்தினின்று ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. கீழிருந்து வினைஞர் வர வேண்டுமாயின் காலம் தாழ்க்கும். ஆதலின் அண்டையில் மோட்டார் பழுதுபார்ப்பவரை அழைக்கலாமே என்று நெஞ்சம் தூண்டும். அவர் தம் தொழிலில் வல்லவராயிருக்கலாம். ஆயினும் இத்தொழில் வேறு.

நாற்றம் எழுந்தால் முதற்கண் அடுப்பையும் ரெகுலேட்டரையும் அடைத்தல் வேண்டும். கதவு சாளரங்களைத் திறத்தல் வேண்டும். மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பிறக்கும். வீட்டிலுள்ளோர் அனைவரும் வெளியேறிய பின், அங்கிருந்தே 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். வினைஞர் வந்து சேர ஒரு பகல் கழியினும் கழியும். அதுவரை, எரிவாயு மணம் எட்டாத தொலைவில் மூன்று கல்லைக் கூட்டி, பழைய முறைப்படி விறகிட்டுச் சோறு பொங்கிக்கொள்ளலாம்.