ஒலிபெருக்கியை அளப்போம்

கர்நாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்டத்தில் மாதேஸ்வரன் மலை அமைந்துள்ளது. 1997ஆம் ஆண்டு வரை இப்பகுதி மைசூரு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டுக்கு முன்னர்க் கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே, கன்னடமும் தமிழும் இங்குச் சேர்ந்தே ஒலிக்கின்றன. சிவராத்திரி நாளில் இரு மாநில அடியார்களும் பெருந்திரளாகக் கூடுவர். அத்திரளில் பெற்றோரைப் பிரிந்த குழந்தையின் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிறது எனக் கொள்வோம். ஓசை கேட்கிறது, பெயர் விளங்கவில்லை. காரணம் யாது?

ஒரு வினாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. 'சீதா', 'கீதா' என்னும் பெயர்களை வேறுபடுத்தும் மெய்யொலிகளின் அடையாளமோ 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் அமைந்துள்ளது. மாதேஸ்வரன் புகழ் பாடுவோர் தட்டும் கம்சாளே என்னும் வெண்கலத் தாளத்தின் கணீரோசையும் உயர் அதிர்வெண்கள் மிக்கதே. இவற்றை ஒலிபெருக்கி மெலிவித்தால் உயிர் ஒலிக்கும், மெய் மறையும். ஒலியளவைக் கூட்டினாலும் பயனில்லை.

இக்குறையை ஊகிப்பதினும் அளந்தறிதலே நன்று. 2000ஆம் ஆண்டு வெளியான ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு உதவும். முதலில், அதன்வழி வெண்ணிரைச்சலை உண்டாக்குதல் வேண்டும். எல்லா அதிர்வெண்களும் சம அளவில் கலந்த ஒலியே வெண்ணிரைச்சல். ஒகேனக்கல் அருவியின் இரைச்சலை அது ஓரளவு ஒத்திருக்கும். அடுத்து, அதனை ஒலிபெருக்கியில் மிதமாக ஒலிக்கச்செய்து, ஒரு மீட்டர் தொலைவில் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தல் வேண்டும். பின்னர், மென்பொருள் அப்பதிவை அதிர்வெண்வாரியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும். கோடு தாழும் இடத்தில் ஒலி மெலிகிறது. 10 டெசிபல் தாழ்ந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது என்பது பொருள்.

காற்றும் சுவரின் எதிரொலியும் அளவைப் பிழையாக்கும். ஒலிவாங்கிக்கும் தனக்கே உரிய குறை உண்டு. எனவே, நன்கு இயங்கும் மற்றோர் ஒலிபெருக்கியையும் அதே இடத்தில், அதே ஒலிவாங்கியால் அளந்து ஒப்பிடுதல் வேண்டும். இரு கோடுகளும் பிரியும் இடமே பழுதைக் காட்டும்.

சொற்பொருள்: ஊகித்தல் – உய்த்துணர்தல், யாது – எது, மிதமாக – அளவாக.

வினாக்கள்
1. வெண்ணிரைச்சல் என்றால் என்ன?
2. ஒலியளவைக் கூட்டினாலும் பெயர் விளங்காதது ஏன்?
3. உம் பள்ளி ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேளாத சொற்கள் ஐந்தினை எழுதுக.