பனியிரவுக்கு ஏற்ற பட்டாடை

சென்ற ஆண்டு டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலி முடிந்தபின், வேங்கிக்காலின் மார்கழிப் பனியில் கோலாட்டம் ஆடிய நம் சிறுமியர், மெல்லிய நைலான் உடையில் நடுங்கக் கண்டு வருந்தினோம். நைலான் மின்னும்; ஆயினும் மெழுகுவர்த்திச் சுடர் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நம் மாவட்டத்து ஆரணிப் பட்டோ உடற்சூட்டைக் காக்கும், எளிதில் தீப்பற்றாது. முழுக்கை இரவிக்கையும், ஆட்டம் முடிந்ததும் போர்த்திக்கொள்ளக் கம்பளிச் சால்வையும் இருந்தால் போதும்.

அன்புப் பெற்றோரே, புதுப்பட்டுக்கெனக் கடன்படாதீர்கள். அன்னையின் மணப்பட்டு பெட்டியில் உறங்குகிறதன்றோ? மடிப்புகளில் இழை நைந்துள்ளதா எனப் பார்த்து, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்குமாறு மகளுக்கு உடுத்துங்கள். துணிகளில் பொதிந்து தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்ட பாலனின் விழாவுக்குக் கடனில்லாத ஆடையே அழகு.