பூனைக்கு முதல் கட்டு. நாய்க்குட்டிக்கு ரெண்டாம் கட்டு!

காரைக்குடி

"இந்த வீட்டிலே ஒண்ணு அது இருக்கணும், இல்லே, நான் இருக்கணும்!"

பூனைக்குப் பேச்சு வந்தால் இப்படித்தான் சொல்லும். பேச்சு வராததால் முதுகை வில்லாக வளைத்து, மயிரைச் சிலிர்த்து, 'புஸ்' என்று சீறுகிறது. எதிரே இரண்டு மாத நாய்க்குட்டி. அது என்ன கண்டது, பாவம்! வாலை ஆட்டிக்கொண்டு விளையாட ஓடி வருகிறது. 'பளார்' என்று மூக்கில் விழுகிறது ஒரு அறை!

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிறது வீடு. உள்ளே இருப்பதோ வயசான ஆச்சி ஒருத்தர்தான். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். ஆச்சிக்குப் பேச்சுத்துணை பத்து வருஷமாக ஒரு பூனை. பொங்கலுக்கு வந்த பேரன், "அப்பத்தா, தனியா இருக்கீக. காவலுக்கு இது இருக்கட்டும்" என்று ஒரு குட்டியை விட்டுவிட்டுப் போகிறான்.

அன்று ராத்திரியே ரகளை. மூணாம் நாள் பூனையைக் காணோம்! நாலாம் நாள் ஆச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

"சனியனைக் கொண்டுபோய்ச் சந்தையிலே விட்டுருங்க ஆச்சி" என்று யோசனை சொல்ல அடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். தப்பு அங்கேதான் நடக்கிறது. வளர்க்க எடுத்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி தெருவில் விடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, அதற்குத் தேவையே இல்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்!

வால் செய்த கலகம்

நாய்க்கும் பூனைக்கும் ஜென்மப் பகை என்பார்கள். பாதிப் பகை, பாஷை தெரியாததால் வந்தது!

நாய்க்குட்டி வாலைத் தளர்வாக ஆட்டினால் 'வா, விளையாடலாம்' என்று அர்த்தம். பூனை வாலை விசிறி விசிறி அடித்தால் 'கிட்டே வராதே' என்று அர்த்தம். குட்டி முன்னங்காலைத் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டுவது விளையாட்டு அழைப்பு. பூனை கண்ணுக்கு அது பாயப் போகிற எதிரி. பூனை பயந்து ஓடும். ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். பிறகென்ன, கலாட்டாதான்!

இதில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் குட்டிதான். பூனை நகம் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குட்டி வளர்ந்துவிட்டாலோ, ஆபத்து பூனைக்கு.

வேறு வைத்தல்

இதற்கு வழி வெளியூரில் தேட வேண்டாம். செட்டிநாட்டு வீட்டிலேயே இருக்கிறது.

மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். வீடு ஒன்றுதான். வளவைச் சுற்றி ஆளுக்கொரு அறை. அடுப்பு மட்டும் தனித்தனி. முகம் பார்ப்பதும் பேசுவதும் உண்டு, உரசல் குறைவு. நாய்க்குட்டிக்கும் அதே முறைதான்!

பூனை பழைய ஆள். முகப்பும் வளவும் அதற்கே இருக்கட்டும். குட்டியை ரெண்டாம் கட்டில் வைத்து நடுக்கதவைச் சாத்திவிடுங்கள். முதல் சில நாள் இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே வேண்டாம். குட்டி படுத்த துணியைப் பூனை பக்கமும், பூனை படுத்த துணியைக் குட்டி பக்கமும் போட்டால் போதும். வாடை பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுக்கும் இந்தப் பக்கம் ஒன்றுக்கும் சாப்பாடு. 'இந்த வாடை வந்தால் சோறு வரும்' என்று இரண்டுக்கும் மனசில் பதியும்.

அதன் பிறகுதான் நேருக்கு நேர். குட்டிக்குக் கழுத்தில் கயிறு கட்டாயம். அஞ்சு நிமிஷம் போதும். குட்டி பூனையைப் பார்த்தும் பாயாமல் உட்கார்ந்தால் ஒரு துண்டு கறி கொடுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து, 'பாரு, உன் தம்பி' என்று குட்டி முன்னால் நீட்ட மட்டும் கூடாது. கை கிழிந்துவிடும்!

பூனை ஏறி உட்கார உயரமான இடம் வேண்டும். அலமாரி மேலோ, பரணோ, எதுவானாலும் சரி. தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்த பூனை அவ்வளவு சீக்கிரம் நகத்தைக் காட்டாது.

ஆத்தங்குடிக் கல் தரை பார்க்க அழகு. ஆனால் வழுவழு தரையில் ஓடினால் குட்டிக்குக் கால் சறுக்கும்; மூட்டுக்கு நல்லதல்ல. அது விளையாடும் இடத்தில் சாக்கோ பாயோ விரிக்கலாம்.

குழம்புச் சோறு வேண்டாம்!

தட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். பூனைத் தட்டை உயரத்தில் வைத்தால் குட்டி வாய் வைக்காது. நாய்ச் சாப்பாட்டையே பூனைக்கும் போட்டுச் சமாளிக்க முடியாது. பூனைக்கு மீன், கறி அவசியம். அவற்றில் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் கண்ணும் இருதயமும் கெடும்.

மிச்சமான குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் இரண்டுக்கும் ரத்தத்தைக் கெடுக்கும். பூனையை இன்னும் மோசமாகத் தாக்கும். மேலுக்குச் சுடுகிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துப் பூனைக்குக் கொடுத்தால் உயிரே போய்விடும்!

பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் ஒளிந்து கிடந்தால் 'கோவிச்சுக்கிட்டிருக்கு' என்று விட்டுவிடக் கூடாது. பட்டினி நீடித்தால் பூனைக்கு ஈரல் கெடும். கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டும்.

ஊசி போட்டாச்சா?

குட்டிக்கு மூணு மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்கிறபடி தொடர்ந்து போட வேண்டும். பூனைக்கும் இது உண்டு. பூனை கடித்தாலும் ரேபிஸ் வரலாம் என்பது பல பேருக்குத் தெரியாது! சமாதானம் பண்ணப் போய் நீங்கள் கடியோ கீறலோ வாங்கினால், காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

எத்தனை நாள் ஆகும்?

சில ஜோடி ரெண்டு வாரத்தில் பழகும். சில ஜோடிக்கு மாதக்கணக்கு ஆகும். இஸ்ரேல் நாட்டு டெல் அவிவ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீடுகளை ஆராய்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பூனை முதலில் வந்து, நாய் பிறகு வந்த வீடுகளில் உறவு நன்றாக அமைகிறதாம். சின்ன வயசிலேயே சேர்ந்தால் இன்னும் நல்லதாம். ஒன்றின் பாஷையை இன்னொன்று கற்றுக்கொள்வதும் தெரிந்தது. பூனை மாதிரி மூக்கோடு மூக்கு வைத்து நாய் வணக்கம் சொல்கிறதாம்!

ஆச்சி வீட்டுப் பூனைக்கு வயசு பத்து. அது குட்டியோடு ஒட்டி உறவாடாமலே போகலாம். போகட்டுமே! அது தூணடியிலும், குட்டி வாசல்படியிலும் நிம்மதியாகத் தூங்கினால் அதுவே சமாதானம்தான்.

அது வரைக்கும் ராத்திரி படுக்கப் போகும்முன் ஆச்சி மறக்கக் கூடாத வேலை ஒன்று உண்டு. நடுக்கதவைத் தாழ் போட வேண்டும்!