வயலில் ஓடிய கால்களுக்கு அப்பா வாங்கித் தந்த காலணி

அசாம் மாநிலத்தில், பிரம்மபுத்திரா நதியின் தென்கரையில் இருக்கிறது நகாவ் மாவட்டம். நெல்தான் அங்கே பிரதானப் பயிர். அம்மாவட்டத்தில் டிங் என்ற ஊரை அடுத்த கந்துலிமாரி கிராமத்தில் நெல் பயிரிடும் விவசாயி ரஞ்சித் தாஸ். 'டிங் எக்ஸ்பிரஸ்' என்று நாடு முழுவதும் பெயர் வாங்கிய ஓட்ட வீராங்கனை ஹிமா தாஸ் இவருடைய மகள்.

அசாமின் முக்கியப் போகத்திற்கு 'சாலி' என்று பெயர். (பழந்தமிழிலும் சாலி என்றால் நெல்தான்.) ஆடியில் நடவு நட்டால் கார்த்திகை, மார்கழியில் அறுவடை. நம்மூர்ச் சம்பாவைப் போலவே பொறுமையாகக் காத்திருக்க வேண்டிய பயிர். நடுவில் பிரம்மபுத்திரா பெருகினால் நட்டது நிற்குமா, வெள்ளத்தோடு போகுமா என்று சொல்ல முடியாது. நின்று விளைந்தாலும், களத்துமேட்டில் கைக்கு வரும் காசு ஏற்கெனவே பங்கு போட்ட காசு. வீட்டுச் சாப்பாடு, அடுத்த போகத்து விதை, உழவுக் கூலி, பழைய பாக்கி என்று போய்விடும். ரஞ்சித் தாஸின் வீடோ பெரிய கூட்டுக் குடும்பம்.

விளையாட்டுச் செலவு போகம் பார்த்து வருவதில்லை. போட்டி என்று தேதி வந்துவிட்டால் பஸ் கட்டணம், சத்தான ஆகாரம், காலணி எல்லாம் அன்றைக்கே வேண்டும். நெல் போட்டு வாழும் வீட்டில் ஒரு பிள்ளையை ஓட்டத்துக்கு அனுப்புவது என்ன பாடு என்பது, வருடக் கடைசியில் வரவு செலவு எழுதிப் பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2000-ஆம் ஆண்டு பிறந்த ஹிமா முதலில் ஆடியது கால்பந்து. அதுவும் ஊர் வயல்களில், பையன்களோடு. கால் புதையும் சேற்றில் ஓடிப் பழகியவருக்குக் கெட்டித் தரை பெரிய காரியமாகத் தோன்றியிருக்காது. பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்தான் இந்த வேகத்தைக் கவனித்து, ஓட்டப் பந்தயத்துக்கு வரச் சொன்னார். பையன்களோடு என்ன ஆட்டம் என்று வீட்டில் தடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பெரிய சோதனை 2017-இல் வந்தது. ஹிமாவின் ஓட்டத்தைப் பார்த்த பயிற்சியாளர் நிபோன் தாஸ், குவாஹாத்திக்கு அனுப்பி வைக்கும்படி பெற்றோரைக் கேட்டார். கிராமத்திலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வயதுப் பெண்ணைத் தனியாக நகரத்தில் விடுவதா என்று ரஞ்சித் தாஸும் மனைவி ஜோனாலியும் முதலில் தயங்கினார்கள். இந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பிறகு சம்மதித்தார்கள்.

அதுவரை வெறுங்காலில் ஓடிப் பழகிய பெண் ஹிமா. முதன்முதலாகத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றபோது, அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி ஒரு ஜோடியை அப்பா வாங்கி வந்தார். பெயர் பெற்ற கம்பெனிச் சரக்கல்ல, சாதாரணமானதுதான். ஆனால் ஓடுதளத்தைக் கவ்விப் பிடிக்க அந்த ஆணிகள் வேண்டும். அவை இல்லாமல் தேசியப் போட்டியில் நிற்பது, மண்வெட்டி இல்லாமல் வரப்பு கட்டப் போவது போல.

2018 ஜூலை 12. ஊரில் சாலி நடவுக் காலம். பின்லாந்து நாட்டின் டாம்பரே நகரில், 20 வயதுக்குட்பட்டோர் உலகத் தடகளப் போட்டியின் 400 மீட்டர் இறுதி ஓட்டம். கடைசி வளைவு வரை பின்தங்கியிருந்த ஹிமா, நேர்தடத்தில் ஒவ்வொருவராகத் தாண்டி 51.46 விநாடியில் முதலாவதாக வந்தார். உலகத் தடகளப் போட்டியில், ஓட்டத்தில் இந்தியருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. வென்றதும் அவர் கழுத்தில் போட்டுக்கொண்டது அசாமியக் குடியானவரின் கமோசா. சிவப்புக் கரை போட்ட அந்தத் துண்டு அங்கே வயலில் வியர்வை துடைக்கவும் உதவும், பெரியவர்களுக்கு மரியாதை செய்யவும் உதவும். அதே ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 50.79 விநாடியில் ஓடி, தேசிய சாதனையோடு வெள்ளியும் பெற்றார்.

2019 ஜூலையில் அசாமில் பெருவெள்ளம் வந்து பயிரெல்லாம் மூழ்கியபோது, ஐரோப்பாவில் போட்டிகளில் இருந்த ஹிமா தம் மாதச் சம்பளத்தில் பாதியை முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அளித்தார். வெள்ளம் புகுந்த வயல் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்பாவின் காலணியையும் அவர் மறக்கவில்லை. 2020-இல் கிரிக்கெட் வீரர் சுரேஷ் ரெய்னாவுடன் பேசியபோது அதை நினைவுகூர்ந்து, இன்னொரு விஷயத்தையும் சொன்னார். அப்பா வாங்கித் தந்த அந்தச் சாதாரண ஜோடியில் 'அடிடாஸ்' என்று தாமே கையால் எழுதிக்கொண்டாராம். 2018 செப்டம்பரில் அதே அடிடாஸ் கம்பெனி ஹிமாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. கம்பெனி அவருக்காகச் செய்து கொடுத்த காலணியில் 'ஹிமா தாஸ்' என்று பெயர் பொறித்திருந்தது.