பண்டகசாலையில் விடுமுறை வேலை

கல்வியும் கையுழைப்பும் ஒன்றற்கொன்று பகையல்ல. மேனாடுகளில் மாணவர் பலர் கோடை விடுமுறையில் கடையிலோ, தோட்டத்திலோ, பண்டகசாலையிலோ கூலிக்கு உழைத்து, அடுத்த ஆண்டுச் செலவில் ஒரு பகுதியைத் தாமே ஈட்டிக்கொள்வது வழக்கம். அதனை அங்கு எவரும் இழிவாகக் கருதுவதில்லை. நம் நாட்டுக் கலாசாலைகளிற் பட்டம் பெற்று மேற்படிப்பிற்காக இங்கிலாந்து செல்லும் இளைஞரும் அவ்வழக்கத்தை மேற்கொள்கின்றனர். கடன்பட்டுச் சென்றவர்க்கு அக்கூலி கைச்செலவிற்கு மட்டும் அன்று. வீட்டாரின் பாரத்தைக் குறைப்பதற்கும் அது துணையாகின்றது. ஆதலின், அந்நாட்டுப் பண்டகசாலைகளிற் கோடைக்கால வேலை எவ்வாறு கிடைக்கின்றது, அதனை ஏற்குமுன் அறியவேண்டுவன யாவை என்பவற்றை ஈண்டு விளக்கக் கருதுகின்றோம். ஒன்றை முதலிலேயே கூறிவிடுவோம். வேலை கிடைப்பது அத்துணை அரிதன்று. மாணவன் தான் விற்கும் மணி நேரத்தின் கணக்கை அறிந்திருத்தலே அரிது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லெஸ்டர், கவென்ட்ரி, நார்தாம்டன் முதலிய நகரங்களைச் சூழ்ந்த நிலப்பரப்பை வணிகர் ‘பொன் முக்கோணம்’ என்பர். அங்கிருந்து புறப்படும் சரக்கு வண்டி ஏறக்குறைய நான்கு மணி நேரத்திற்குள் பிரிட்டனின் மக்களிற் பத்தில் ஒன்பது பங்கினரை எட்டிவிடும் என்று கணக்கிட்டுள்ளனர். லட்டர்வொர்த் என்னும் ஊரின் அருகே பழைய விமானத்தளம் ஒன்று இருந்த நிலத்தில், 1980-களின் பிற்பகுதியில் ‘மேக்னா பார்க்’ என்னும் பண்டகசாலைத் தொகுதி எழுந்தது. சற்று வடக்கே டார்பிஷயரில், 1993-ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஷயர்புரூக் நிலக்கரிச் சுரங்கத்தின் நிலத்திலும் பெரியதொரு பண்டகசாலை பின்னர்த் தோன்றியது. பழைய தொழில்கள் விட்டுப்போன நிலங்களில் இப்புதிய தொழில் குடியேறியிருத்தலைக் காண்கின்றோம்.

பண்டகசாலையினுள் நிகழும் தொழிலை ஐந்தாகப் பிரிக்கலாம். லாரியினின்று சரக்கை இறக்கிச் சரிபார்த்தல் முதலாவது. அதனைத் தட்டுகளில் உரிய இடத்தில் வைத்தல் இரண்டாவது. வாங்குவோர் கேட்ட பொருள்களைத் தட்டுகளினின்று பொறுக்கியெடுத்தல் மூன்றாவது. பெட்டியிலிட்டுக் கட்டுதல் நான்காவது. ஊர்வாரியாகப் பிரித்து வண்டியேற்றுதல் ஐந்தாவது. புதிதாக வரும் மாணவனுக்குப் பெரும்பாலும் பொறுக்கும் வேலையும் கட்டும் வேலையுமே கிடைக்கும். அவற்றைக் கற்க நெடுநாள் வேண்டுவதில்லை. ‘ஸ்கேனர்’ என்னும் சிறு கருவி ஒன்றை அவன் கையில் கொடுப்பர். எந்த வரிசையில், எந்தத் தட்டில், எத்தனை எடுக்க வேண்டும் என்பதை அது காட்டும். மணிக்கு எத்தனை எடுத்தான் என்ற கணக்கையும் அதுவே வைத்துக்கொள்ளும். மேஸ்திரி கண்ணயரலாம், கருவி அயர்வதில்லை.

இத்தொழிலில் ஆட்கள் மிகுதியாக வேண்டப்படுவது கிறிஸ்துமஸுக்கு முந்திய மூன்று மாதங்களிலேயாம். எனினும் கோடையிலும் இடம் உண்டாகின்றது. நிலையான தொழிலாளர் தம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி விடுப்பெடுத்துச் செல்வது ஒரு காரணம். குளிர்பானம், தோட்டத் தளவாடம், கோடையுடை ஆகியவை அக்காலத்தில் மிகுதியாக விற்பதும், செப்டம்பரிற் பள்ளி திறக்குமுன் சீருடையும் எழுதுபொருள்களும் கடைகளுக்குச் சென்றாக வேண்டியிருப்பதும் பிற காரணங்கள். ஆதலின், ஜூலையில் வேலை வேண்டுவோன் மே மாதத்திலேயே மனுச் செய்வது நலம்.

மனுவைப் பெரும்பாலும் பண்டகசாலைக்கு நேரே அனுப்புவதில்லை. ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்சிகள் இதற்கென உள்ளன. பண்டகசாலை கேட்கும் எண்ணிக்கைக்கேற்ப அவையே ஆட்களை அனுப்பும். தன் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட ஏஜென்சிகளிற் பதிந்துகொள்வதில் தவறில்லை. கடவுச்சீட்டும், அந்நாட்டில் வேலை செய்ய உரிமையுண்டு என்பதற்குரிய மின்னணுச் சான்றும், வங்கிக் கணக்கும், கலாசாலை தரும் பாடகால அட்டவணையும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வேலை தேடிக் கொடுத்ததற்காகத் தொழிலாளியிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவதை 1973-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியுள்ளது. ஆகவே பதிவுக் கட்டணம் கேட்பவனிடம் இரண்டாம் வார்த்தை பேசாது திரும்பிவிடுக. கூலி எவ்வளவு, பிடித்தம் என்னென்ன, கையில் வருவது எவ்வளவு என்பவற்றைக் காட்டும் குறிப்புத் தாள் ஒன்றை, உடன்படிக்கைக்கு முன்னரே ஏஜென்சி தரவேண்டும் என்ற விதியும் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

இனி, நம் மாணவர் பெரிதும் அஞ்சவேண்டுவது ஒன்றுண்டு. மாணவ விசாவிற் சென்று பட்டப்படிப்போ அதனினும் மேலான படிப்போ பயில்வோர், பாடகாலத்தில் பொதுவாக வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மேல் கூலிக்கு உழைத்தலாகாது. விடுமுறையில் முழுநேரமும் உழைக்கலாம். வாரமென்பது திங்கள் முதல் ஞாயிறு வரையாகும். ஒரு வாரம் 15 மணியும் மறுவாரம் 25 மணியும் உழைத்துவிட்டுச் சராசரி 20 என்று கணக்குக் காட்டல் இயலாது. இருவரிடம் உழைப்பினும் கூட்டுத்தொகையே கணக்கு. அன்றியும், ஓராண்டு முதுகலைப் படிப்பு பயில்வோர்க்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள காலம் பெரும்பாலும் ஆய்வுரை எழுதுங் காலமாகும். வெளியே வெயில் காய்ந்தாலும், தோழர் ஊருக்குப் போயிருந்தாலும், அக்காலம் விடுமுறையன்று, பாடகாலமே. இதனை அறியாது, கோடை வந்துவிட்டது என்ற எண்ணத்தால் வாரம் 40 மணி உழைப்பவன், சில நூறு பவுனுக்காகத் தன் விசாவையும் பட்டத்தையும் பணயம் வைக்கின்றான். தன் விடுமுறை நாள்கள் எவையென்று கலாசாலை அலுவலகத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டறிந்துகொள்வதே பாதுகாப்பு. பொட்டலங்களை வீடுதோறும் கொண்டுகொடுக்கும் வேலையைச் சுயதொழில் என்ற பெயரில் அளிப்போரும் உளர். மாணவ விசாவினர்க்குச் சுயதொழில் விலக்கப்பட்டதாதலின், அதனையும் நாடுதல் ஆகாது.

கூலியைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1998-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்தோர்க்கு மணிக்கு 12 பவுன் 21 பென்ஸும், 18 முதல் 20 வயது வரையுள்ளோர்க்கு 10 பவுனும் என அளவு குறிக்கப்பட்டது. இவ்வளவு ஏப்ரல்தோறும் மாறுவதாகலின், வேலையேற்கும் ஆண்டின் அளவைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஏஜென்சியின் மூலம் வந்தவனுக்கு, ஒரே வேலையில் பன்னிரண்டு வாரம் நிறைந்த பின்னரே நிலையான தொழிலாளிக்கு உரிய அடிப்படைக் கூலி உரித்தாகும். கோடை வேலை பலவேளை அதற்குள் முடிந்துவிடும். ஆயினும், ஊதியத்தோடு கூடிய விடுப்பிற்கு உரிமை முதல் நாளிலிருந்தே சேர்ந்துவருகின்றது. வேலை முடியுமுன் எடுக்காத விடுப்பிற்குரிய தொகையைக் கேட்டுப் பெறாது வருவோர் தம் பணத்தை விட்டு வருகின்றனர். ஆண்டு வருமானம் 12,570 பவுனைத் தாண்டாதவரை வருமானவரி இல்லை. மிகுதியாகப் பிடித்திருப்பின் அதனைத் திரும்பப் பெறலாம்.

மணி நேரக் கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு, மேலே கூறிய ஷயர்புரூக்கே சான்று. விளையாட்டுப் பொருள் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் பண்டகசாலை அது. அங்கு உழைத்தோரிற் பெரும்பாலோர் ஏஜென்சிகளின் மூலம் வந்தவர். திருட்டைத் தடுக்கும்பொருட்டு, வேலை முடிந்தபின் ஒவ்வொருவரையும் சோதித்தே வெளியே விட்டனர். அச்சோதனைக்காக வரிசையிற் காத்துநின்ற நேரத்திற்குக் கூலி இல்லை. ஒரு நிமிஷம் தாமதித்து வந்தவனுக்கோ கால்மணிக் கூலி குறைக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் இச்செய்தி பத்திரிகையில் வெளியாயிற்று. 2016 ஜூனில் நாடாளுமன்றக் குழுவின்முன் வந்த நிறுவனத் தலைவர், இவ்வழக்கத்தால் கூலி சட்ட அளவிற்குக் கீழே சென்றதை ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஏறக்குறைய பத்து லட்சம் பவுனைத் தொழிலாளர்க்குத் திருப்பிக் கொடுக்க உடன்பாடாயிற்று. நாளொன்றிற்குக் கால்மணி என்பது சிறிதாகவே தோன்றும். வாரத்திற்கு ஐந்து நாளாகப் பத்து வாரத்திற்குக் கூட்டினாலோ, பன்னிரண்டரை மணி நேரமாகின்றது. 2025-ஆம் ஆண்டின் கூலிப்படி அது 150 பவுனுக்கு மேற்பட்ட தொகையாம். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்பிற்கு மட்டுமன்று, இழப்பிற்கும் பொருந்தும். ஆதலின், உள்ளே சென்ற நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் நாள்தோறும் சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்து, கூலிச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஐயமுண்டாயின், தொழிலாளர் உரிமை பற்றிக் கட்டணமின்றி யோசனை கூறும் ‘ஏகாஸ்’ என்னும் பொது அமைப்பைக் கேட்கலாம்.

உடலையும் மறத்தலாகாது. பொறுக்கும் வேலையில் நாள் முழுதும் நடத்தலும், குனிதலும், தூக்கலும் உண்டு. இடுப்பின் உயரத்தில் உடலோடு அணைத்துத் தூக்கும்போது ஆடவர்க்கு 25 கிலோவும் பெண்டிர்க்கு 16 கிலோவும் என அரசாங்கத்தின் தொழிற்காப்புத் துறை வழிகாட்டியுள்ளது. கையை நீட்டித் தலையளவிற்குத் தூக்குங்கால் ஆடவர்க்கும் 5 கிலோவே. ஆறு மணிக்கு மேற்பட்ட வேலையில் இடையே இருபது நிமிஷ ஓய்வு உரிமையாகும். ஆனால் அதற்குக் கூலி தரவேண்டுமென்பது சட்டமன்று. ஆபத்தினின்று காக்கத் தேவையான காலணி முதலியவற்றை அளிப்பது முதலாளியின் கடமை; 2022 ஏப்ரல் முதல் இக்கடமை தற்காலிகத் தொழிலாளர்க்கும் தெளிவாக விரிக்கப்பட்டுள்ளது. அவற்றிற்கு விலை கேட்டாற் கொடுக்க வேண்டுவதில்லை.

மாணவ அன்பர்காள்! பெட்டி சுமப்பதால் பட்டம் தாழ்வதில்லை. பிறர் உழைப்பு நம் வாயிலுக்கு வந்து சேரும் வழியைக் கண்ணாற் காண்பதும் ஒரு கல்வியே. ஆயினும் கணக்கறியாது உழைப்பவன் தன் நேரத்தை விற்பவனல்லன், இழப்பவன். விசா எத்தனை மணிக்கு இடந்தருகின்றது, எத்தனை மணி உழைத்தோம், எத்தனை மணிக்குக் கூலி வந்தது என்னும் மூன்று எண்களையும் வாரந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வீராக. அவை மூன்றும் ஒத்திருக்குமாயின், அக்கோடை உமக்கு ஊதியமும் பயனும் ஒருங்கே தந்ததாகும்.