லேயில் இறங்கிய பின் இரண்டு நாட்கள்

தில்லியில் விடியற்காலையில் விமானமேறியவர், முற்காலத்து யார்க்கந்து வர்த்தகர்கள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வாரக்கணக்காக நடந்து வந்து சேர்ந்த லே நகரத்தில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்திற்குள் இறங்கிவிடுகிறார். அந்த வர்த்தகர்களின் தேகத்திற்கு வழி நெடுகக் கிடைத்த அவகாசம் இவருக்குக் கிடைப்பதில்லை. லடாக்கில் பிரயாணிகளுக்கு நேரும் அபாயங்களுள் மிகக் கொடியது இந்த அவகாசக் குறைவினால் வருவதேயாகும். அந்த அவகாசத்தைக் கேட்டுப் பெறும் உரிமை பணம் கொடுத்துப் பயணம் செய்யும் ஒவ்வொருவருக்கும் உண்டென்பதைப் பலர் அறியாமலிருப்பது வருந்தத்தக்கது.

மலைமேல் பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுகிறதென்று பொதுவாக எண்ணுகிறார்கள். விகிதம் மாறுவதில்லை, காற்றின் அழுத்தமே குறைகிறது. லேயில் அது கடலோரத்து அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் பாதியளவே. இந்தக் குறையை ஈடுசெய்யும் பொருட்டு மூச்சு வேகமடைவதும், அதனால் இரத்தத்தில் ஏற்படும் மாறுதலைச் சிறுநீரகங்கள் சீர்ப்படுத்துவதும் நாட்கணக்கில் நடைபெறுகிற காரியங்கள். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையே பெறும் அந்தக் குளிர்ப் பாலைவனத்தின் வறண்ட காற்று, மூச்சின் வழியாகவே உடம்பின் ஈரத்தைக் கவர்ந்துகொண்டும் விடுகிறது.

வாலிபமும் தேக பலமும் காற்றழுத்தக் குறைவினால் வரும் மலைநோய்க்குக் காப்பல்ல. 1962-ஆம் ஆண்டு யுத்தத்தையொட்டிச் சமவெளியிலிருந்து திடீரென இமயத்து உயரங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட சிப்பாய்களிடையே தோன்றிய மலைநோயை, இராணுவ வைத்தியரான இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை 1,925 பேருடைய அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற வீரர்களே நோயில் விழுந்தார்களென்றால், நாள்தோறும் நடைப்பயிற்சி செய்கிறவர் தமக்கு ஒன்றும் வராதென்று நம்புவதற்கு ஆதாரமில்லை.

இனி, சுற்றுலா நிறுவனத்தார் வழக்கமாக விற்கும் ஒரு பயணத் திட்டத்தைக் கையிலெடுத்துப் பார்ப்போம். முதல் நாள் லேயில் இறங்கி, மாலையில் சாந்தி ஸ்தூபம்; இரண்டாம் நாள் கர்துங் லா வழியாக நூப்ரா; மூன்றாம் நாள் ஷ்யோக் நதியோரமாகப் பாங்கோங் ஏரி. காகிதத்தில் இது வெகு நேர்த்தியாகத் தோன்றுகிறது. ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் ஓரிரவுக்கும் மறு இரவுக்குமிடையே படுக்குமிடத்தின் உயரம் 500 மீட்டருக்கு அதிகமாகக் கூடலாகாதென்பது வைத்தியர்கள் வகுத்த நியதி. நூப்ராவிலுள்ள ஹுண்டரோ சுமார் 3,100 மீட்டர். பாங்கோங் கரையோ 4,200 மீட்டருக்கு மேல். ஒரே பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம்! லேயில் குறைந்தது 48 மணி நேரம் தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டுமென்று லடாக் நிர்வாகமே அறிவுறுத்தியிருக்க, அந்த இரண்டு நாட்களைத்தான் விலையைக் குறைப்பதற்காக முதலில் வெட்டிவிடுகிறார்கள். இயன்றவர்கள் ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் சாலையில் செல்வது உத்தமம். மணாலி வழியில் சர்ச்சுவிலேயே, ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரத்தில், முதல் இரவைக் கழிக்க நேரிடக்கூடுமாதலால் அது அத்தனை சுகமானதன்று.

தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். இவை தோன்றினால் மேலே ஏறாமலிருப்பதே சிகிச்சை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், இருமலோடு நுரைத்த சளி வருவதும் நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளங்கள். பேச்சுக் குழறினாலோ, ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் விரல்நுனியில் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ மூளை வீங்குகிறதென்று கொண்டு, இரவென்று பாராமல் கீழே இறக்கிவிட வேண்டும். பிராணவாயு சிலிண்டர் இறங்குவதற்கு வேண்டிய அவகாசத்தைத் தருமேயன்றி இறங்குவதற்கு ஈடாகாது. இங்கே ஒரு விபரீதத்தைக் கவனிக்க வேண்டும்: பாங்கோங்கில் நோயுற்றவரை லேயிலுள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்கு வழக்கமான சாலையில் கொண்டுவர, 5,300 மீட்டருக்கு மேற்பட்ட சாங் லா கணவாயை முதலில் ஏறிக் கடந்தாக வேண்டும். ஆகையினால் முன்னதாக லேயில் கழிக்கும் இரண்டு நாட்கள் வீண் நாட்களல்ல. அசெட்டசோலமைடு மாத்திரை பழக்கத்தைத் துரிதப்படுத்தும். ஆயினும் சல்பா மருந்து ஒவ்வாதவர்களும் இருதய, சிறுநீரக நோயுள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தப்படுத்துவன; அந்த இரவுகளில் அவை அடியோடு ஆகா.

சட்டம் பிரயாணியின் பக்கத்தில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அலட்சியத்தால் இழைக்கப்படும் தீங்கை மட்டுமன்றி, தெரிவிக்க வேண்டிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே முன்பணம் செலுத்துமுன் ஒவ்வோர் இரவும் தங்குமிடத்தின் உயரமென்ன, வண்டியில் பிராணவாயு இருக்குமா, ஒருவர் சுகவீனமுற்றால் வண்டி திரும்புமா என்பவற்றை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுதல் வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் சாட்சியமே. அதை அழித்துவிடக் கூடாது. காப்பீட்டுப் பத்திரத்தில் எத்தனை மீட்டர் வரை பொறுப்பேற்கிறார்களென்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். பிற மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே இயங்காதாகையால், குழுவில் ஒருவரிடமேனும் போஸ்ட்பெய்ட் இணைப்பு இருக்கட்டும்.

மேகமும் காற்றும் லே விமானங்களை அடிக்கடி நிறுத்திவிடும். வானிலையால் ரத்தானால் நஷ்டஈடு கோர இயலாது. எனினும் முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவதா, மாற்று விமானத்தில் செல்வதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பயணியுடையது. திரும்பும் பயணத்தில் ஒரு நாளை மிச்சம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தீங்கு நேர்ந்துவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அதில் பயனில்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். நிறுவனம் தில்லியிலிருந்தாலும் லேயிலிருந்தாலும், புகார் செய்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாமென்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரும் சலுகை. திருநெல்வேலிக்காரர் தில்லிக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரையில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். பணம் செலுத்திய ரசீதுகளோடு, வந்த நாள், நோய் தொடங்கிய இடம், இரத்தத்திலிருந்த பிராணவாயுவின் அளவு ஆகியவை குறிக்கப்பெற்ற மருத்துவமனைச் சீட்டையும் இணைக்க வேண்டியிருக்குமாதலால், லேயை விட்டுப் புறப்படுமுன்பே அதை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.